வலிப்பு மாத்திரையும் கல்யாண வயசுப் பெண்களும்: பாதி மட்டும் சொன்னா என்ன ஆகும்?

1/ நீளமான த்ரெட். முதல்ல ஒரு வேண்டுகோள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவங்க இதைப் படிச்சா, இன்னைக்குப் போட வேண்டிய மாத்திரையைப் போட்டுட்டுப் படிங்க. படிச்சு முடிச்ச பிறகும் நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னு கீழ வரும்.

2/ நான் நியூராலஜிஸ்ட் இல்ல. எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு சென்னைல ஒரு அரசு மருத்துவமனைல வேலை பாக்குறேன். ஓ.பி.யும் பாப்பேன், கேஷுவாலிட்டி டூட்டியும் உண்டு. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு பக்கத்து ஜனங்கதான் எங்ககிட்ட அதிகம் வருவாங்க. நிபுணரா இல்ல, தினமும் மாத்திரைச் சீட்டு எழுதுற ஆளா பேசுறேன்.

3/ பேசப்போறது சோடியம் வால்ப்ரோயேட் பத்தி. கடைல வால்பரின், என்கோரேட்னு பல பேர்ல கிடைக்கும். டைவால்ப்ரோயெக்ஸ், வால்ப்ராயிக் ஆசிட்னு அட்டைல போட்டிருந்தாலும் ஒடம்புக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். வலிப்புக்கு மட்டும் இல்ல, பைபோலார் நோய்க்கும், அடிக்கடி வர்ற ஒற்றைத் தலைவலிக்கும்கூட இதைக் குடுப்பாங்க. அதனால "எனக்கு வலிப்பு இல்லையே"ன்னு நகர்ந்துடாதீங்க.

4/ இனி நடந்தது. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். சில வருஷம் முன்னாடி, தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது, தி.நகர்ல ஒரு துணிக்கடைல வேலை பாக்குற பொண்ணு மாத்திரை வாங்க ஓ.பி.க்கு வந்தா. தென்மாவட்டம். ஹாஸ்டல்ல தங்கி வேலை. பதினஞ்சு வயசுல வலிப்பு வந்து, அப்போ இருந்து வால்ப்ரோயேட் சாப்பிடுறா. மூணு வருஷமா ஒரு தடவைகூட வரல.

5/ சீட்டை எழுதிக்கிட்டே "எப்படிம்மா இருக்க?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே "தை மாசம் கல்யாணம் மேடம்"னா. எனக்கு டக்குனு உறைச்சுது. "கல்யாணமா? இந்த மாத்திரை வயித்துல இருக்குற குழந்தைக்கு ஆகாதும்மா. அடுத்த தடவை நியூரோ ஓ.பி.ல காட்டி மாத்திக்கோ"ன்னேன். பின்னாடி வரிசை வராண்டா வரைக்கும் நின்னுது. அடுத்த சீட்டை வாங்கிட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

6/ ஆறாவது நாள் நைட் டூட்டி. பதினொன்றரை மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்னுது. ஹாஸ்டல் தோழிங்க ரெண்டு பேர் அவளைத் தூக்கிட்டு வந்தாங்க. வலிப்பு விட்டு விட்டு வருது, நடுவுல நினைவு திரும்பவே இல்ல. இதை ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்னு சொல்லுவோம். உயிருக்கே ஆபத்து. லோராசெபாம் போட்டும் நிக்கல. அடுத்த மருந்தையும் ஏத்தின பிறகுதான் அடங்குச்சு. நாக்கு கிழிஞ்சிருந்தது, முன்பல் ஒண்ணு உடைஞ்சிருந்தது, தோள்பட்டை விலகியிருந்தது.

7/ "மாத்திரை ஒழுங்கா போட்டாளா?"ன்னு தோழிகிட்ட கேட்டேன். அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே எழுதுறேன். "இல்ல மேடம், ஆஸ்பத்திரில டாக்டரே வேணாம்னு சொல்லிட்டாங்களாம். அன்னைக்கே நிறுத்திட்டா."

8/ அந்த டாக்டர் நான்தான். நான் வேணாம்னு சொல்லல. ஆனா அவ காதுல விழுந்தது அதுதான். "குழந்தைக்கு ஆகாது"ன்னு ஒரு டாக்டர் சொன்ன பிறகு, கல்யாணத்துக்கு நாள் குறிச்ச எந்தப் பொண்ணு அந்த மாத்திரையைத் தொடுவா? "நிறுத்தாதே"ங்கிற ஒரு வார்த்தையை நான் சொல்லல. அவளுக்கு வலிப்பு வந்ததுக்கு தீபாவளி சீசன்ல பன்னிரண்டு மணி நேரம் நின்னதும், தூக்கம் கெட்டதும் சேர்ந்துதான் காரணம். ஆனா கதவைத் திறந்து விட்டது நான்.

9/ இதுக்கு அப்புறம் நான் பண்ணது இன்னும் பெரிய தப்பு. பயந்துபோய் வாயை மூடிட்டேன். கொஞ்ச மாசம், வால்ப்ரோயேட் சாப்பிடுற எந்தப் பொண்ணுகிட்டயும் கர்ப்பம் பத்தி ஒண்ணும் சொல்லல. "சொன்னா பயந்து நிறுத்திடுவாங்க, அதனாலதான் நாங்கல்லாம் சொல்றதில்ல"ன்னு ஒரு சீனியர் சொன்னார். எனக்கு அது ரொம்ப வசதியா இருந்தது.

10/ அப்புறம் ஒரு நாள் மயிலாப்பூர்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. முப்பது வயசு, முதல் கர்ப்பம், அஞ்சாம் மாசம். ஸ்கேன்ல குழந்தையோட முதுகெலும்பு சரியா மூடலைன்னு வந்திருக்கு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். ஒற்றைத் தலைவலிக்கு எங்கயோ தனியார்ல எழுதிக் குடுத்ததாம், ரெண்டு வருஷமா மெடிக்கல் ஷாப்ல பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கிட்டே இருந்திருக்காங்க. பையில இருந்து அட்டையை எடுத்துக் காட்டினாங்க. டைவால்ப்ரோயெக்ஸ்.

11/ "இதைப் பத்தி யாருமே எனக்குச் சொல்லலையே டாக்டர்"னாங்க. அழல. கோபப்படல. கணக்கு புரியாத பிள்ளை மாதிரி கேட்டாங்க. மாத்திரைதான் காரணம்னு ஒரு தனி ஆள் விஷயத்துல அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சொல்லியிருக்கணும். அவங்களுக்கு மருந்து எழுதினது நான் இல்லதான். ஆனா அந்த "யாருமே"ல நானும் இருக்கேன்னு அன்னைக்குத் தோணுச்சு. என் ஓ.பி.ல நான் வாயை மூடிக்கிட்டு அனுப்பின பொண்ணுங்க எத்தனை பேர்?

12/ ஆக, சொல்லாம விட்டாலும் ஆபத்து, பாதி சொன்னாலும் ஆபத்து. ரெண்டையும் பாத்துட்டேன். என் கருத்து ஒண்ணுதான்: இந்த மருந்தை ஒரு பெண்ணுக்கு முதல் தடவை எழுதும்போதே, எல்லாத்தையும், தமிழ்ல, எழுத்துல குடுக்கணும். அது டாக்டரோட நல்ல மனசைப் பொறுத்த விஷயமா இருக்கக்கூடாது.

13/ முதல்ல மருந்து பத்தி நேர்மையா பேசிடுவோம். வால்ப்ரோயேட் வில்லன் கிடையாது. 1882ல ஒரு அமெரிக்க வேதியியலாளர் உருவாக்கினது. ரொம்ப காலம் மத்த மருந்துகளைக் கரைக்குற திரவமாத்தான் ஆய்வகத்துல இருந்தது. 1960களோட தொடக்கத்துல பிரான்ஸ்ல, வேற மருந்துகளைக் கரைச்சு சோதிக்கும்போது, கரைச்ச திரவமே வலிப்பைத் தடுக்குதுன்னு தற்செயலா கண்டுபிடிச்சாங்க. 1967ல பிரான்ஸ்ல மருந்தா விற்பனைக்கு வந்தது.

14/ சில வகை வலிப்புக்கு இதைவிட நல்ல மருந்து இன்னும் வரல. உதாரணத்துக்கு, வயசுக்கு வர்ற பருவத்துல ஆரம்பிக்குற ஒரு வகை: காலைல எந்திரிச்சதும் கை வெடுக்குனு உதறும், காபி டம்ளர் கீழ விழும், "ஏன்டி இவ்ளோ கவனக்குறைவு"ன்னு வீட்டுல திட்டுவாங்க, ஒரு நாள் முழு வலிப்பு வரும். துணிக்கடைப் பொண்ணுக்கு இருந்தது இதுதான். இந்த வகைல வால்ப்ரோயேட் பிரமாதமா வேலை செய்யும். மூணு வருஷம் அவ நிம்மதியா வேலைக்குப் போனது அதாலதான்.

15/ சிக்கல் கர்ப்பத்துல. பொதுவா பிறக்குற 100 குழந்தைல 2, 3 குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்கும். கர்ப்ப காலத்துல அம்மா வால்ப்ரோயேட் சாப்பிட்டிருந்தா அது 100ல சுமார் 10. முதுகெலும்பு மூடாம இருக்குறது, உதடு, அண்ணம் பிளவு, இதயம், சிறுநீரகம், கை கால்ல குறை. அதைவிடப் பெருசு, வெளில தெரியாதது: 100 குழந்தைல 30ல இருந்து 40 வரைக்கும் பேச்சு, நடை, படிப்பு, நினைவாற்றல் இதுல ஏதோ ஒரு வளர்ச்சிச் சிக்கல் வரலாம். ஆட்டிசம் வர்ற வாய்ப்பும் கூடும்.

16/ அளவு கூடக்கூட ஆபத்து கூடும். ஆனா "இந்த அளவுக்குக் கீழ பயமே இல்ல"ன்னு ஒரு கோடு கிடையாது. ஃபோலிக் ஆசிட் சாப்பிடணும், ஆனா அது வால்ப்ரோயேட்டோட ஆபத்தை முழுசா துடைச்சுடாது. "ஃபோலிக் போடுறேன்ல, ஒண்ணும் ஆகாது"ன்னு நினைக்காதீங்க.

17/ இதுல நேரம்தான் முக்கியம். கரு உண்டாகி சுமார் 28 நாளுக்குள்ள முதுகெலும்புக் குழாய் மூடிடும். நாள் தள்ளிப்போய், "வெயில் காலம், அதான் தள்ளிப்போகுது"ன்னு ஒரு வாரம் பாத்து, கடைல கார்டு வாங்கி டெஸ்ட் பண்றதுக்குள்ள அந்த வேலை கிட்டத்தட்ட முடிஞ்சிடும். கர்ப்பம்னு தெரிஞ்ச பிறகு மாத்திக்கலாம்ங்கிறது, பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடுற கதை.

18/ இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. முதுகெலும்புக் குறைக்கும் வால்ப்ரோயேட்டுக்கும் உள்ள தொடர்பு 1982லயே பிரான்ஸ்ல இருந்து மருத்துவ இதழ்ல வந்துடுச்சு. நான் பொறக்குறதுக்கு முன்னாடி. நம்ம பக்கத்துலயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998ல கேரள வலிப்பு, கர்ப்பப் பதிவேட்டைத் தொடங்கி, வலிப்புள்ள தாய்மார்களையும் அவங்க குழந்தைகளையும் வருஷக் கணக்குல தொடர்ந்து பாத்துட்டு வருது. வால்ப்ரோயேட்ல ஆபத்து கூடுதல்னு அவங்க ஆய்வுகளும் சொல்லுது. "இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு"ன்னு தள்ள முடியாது.

19/ பிரிட்டன்ல 2018ல ஒரு விதி போட்டாங்க: கர்ப்பத் தடுப்புத் திட்டத்துல சேராத, கர்ப்பமாகக்கூடிய எந்தப் பெண்ணுக்கும் இந்த மருந்து கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை நிபுணரைப் பாக்கணும், "ஆபத்து எனக்கு விளக்கப்பட்டது"ன்னு கையெழுத்து போடணும், மருந்துப் பெட்டி மேல எச்சரிக்கைப் படம் இருக்கணும், கைல ஒரு அட்டை குடுக்கணும். 2020 ஜூலைல அங்க வந்த கம்பர்லெஜ் அறிக்கை, பல வருஷமா பெண்கள் கேட்டும் மருத்துவத் துறை காதுல போட்டுக்கலைன்னு கடுமையா சொல்லுச்சு.

20/ 1982ல டாக்டர்களுக்குத் தெரிஞ்சது, சாப்பிடுற பொண்ணோட கைக்கு விதியா வந்து சேர 2018. முப்பத்தாறு வருஷம். அதுவும் பிரிட்டன்ல. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனமும், கர்ப்பமாகக்கூடிய வயசுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் வேண்டாம்னு அறிவிச்சது. 2024 ஜனவரில இருந்து பிரிட்டன்ல 55 வயசுக்குக் கீழ உள்ள ஆண்களுக்கும் புதுசா ஆரம்பிக்க ரெண்டு நிபுணர் ஒத்துக்கணும். ஆண்கள் பக்கம் ஆதாரம் பலவீனம். கவலை இருந்தா டாக்டர்கிட்ட பேசுங்க, நிறுத்தாதீங்க.

21/ இப்போ தராசோட இன்னொரு தட்டு. வலிப்பும் கர்ப்பிணிக்கு விளையாட்டு இல்ல. முழு வலிப்பு வந்தா விழுவாங்க, மூச்சு தடைபடும், குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். தூக்கத்துல வலிப்பு வந்து அப்படியே இறந்துபோறவங்களும் உண்டு. பிரிட்டன் தாய் மரண ஆய்வோட 2020 அறிக்கைல, வலிப்பு நோயால திடீர்னு இறந்த கர்ப்பிணிகள், பிரசவிச்ச தாய்மார்கள் எண்ணிக்கை முந்தின காலத்தைவிட ஏறியிருந்தது. அதனால "மாத்திரையே வேணாம்"ங்கிறது பாதுகாப்பு ஆகாது.

22/ மாற்று இருக்கா? பெரும்பாலானவங்களுக்கு இருக்கு. லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் ரெண்டுலயும் பிறவிக் குறை விகிதம் பொதுவான விகிதத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஆனா இதுவும் இலவசம் இல்ல. லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சல், கோபம், மனச்சோர்வு குடுக்கும். "நான் ஏன் இப்படிக் கத்துறேன்னு தெரியல மேடம்"னு அழுதவங்க உண்டு. லாமோட்ரிஜினை வாரக்கணக்குல மெதுவாத்தான் ஏத்தணும். வேகமா ஏத்தினா தோல் உரியுற அளவுக்கு அலர்ஜி வரலாம். வால்ப்ரோயேட்டோட சேர்த்துக் குடுத்தா ரத்தத்துல அளவு ரெண்டு மடங்கு ஆகும், இன்னும் மெதுவா போகணும்.

23/ இதுல இருந்து ஒண்ணு புரியுதா? மாத்துறதுக்கு மாசக் கணக்குல ஆகும். பழசைக் குறைச்சு, புதுசை ஏத்தி, வலிப்பு வருதான்னு பாத்து, தேவைன்னா அளவை மாத்தி. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சா முடியாது. அதனாலதான் "கல்யாணம் நிச்சயம் ஆகட்டும், அப்புறம் பேசலாம்"ங்கிறது தப்பு. பதினஞ்சு வயசுல மருந்து எழுதுற அன்னைக்கே, அம்மாவையும் வெச்சுக்கிட்டு பேசியிருக்கணும். முடிஞ்சா வேற மருந்துலயே ஆரம்பிச்சிருக்கணும்.

24/ சிலருக்கு வேற எதுவுமே கேக்காது. எல்லாத்தையும் முயற்சி பண்ணிட்டு வால்ப்ரோயேட்டுக்கே திரும்பி வர்ற பெண்கள் இருக்காங்க. அவங்களுக்கு "நீ குழந்தையே பெத்துக்காத"ன்னு சொல்ல நான் யாரு? எண்ணிக்கையைச் சொல்லணும், குறைஞ்ச அளவு எதுன்னு பாக்கணும், கரு தங்குறதுக்கு முன்னாடியே ஃபோலிக் ஆரம்பிக்கணும், ஸ்கேன் திட்டம் போடணும். முடிவு அவங்களோடது. தெரிஞ்சு எடுக்குற முடிவுக்கும், தெரியாம மாட்டிக்குறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

25/ நம்ம ஊர்ல இன்னொரு முடிச்சு இருக்கு: மறைக்குறது. 1955ம் வருஷ இந்து திருமணச் சட்டத்துல, அடிக்கடி வலிப்பு வர்றது கல்யாணத்துக்குத் தகுதிக் குறைவா இருந்தது. 1999ல திருத்தம் கொண்டுவந்து அந்த வார்த்தையை எடுத்துட்டாங்க. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆச்சு. ஆனா இன்னும் வரன் பாக்குற வீட்டுல "காக்கா வலிப்பு"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிடுறாங்க. அதனால அம்மாக்களே "வாயைத் திறக்காத"ன்னு சொல்லி அனுப்புறாங்க.

26/ மறைச்சா என்ன ஆகும்னு கேஷுவாலிட்டில பாக்குறோம். மாத்திரை பீரோல புடவைக்கு நடுவுல இருக்கும். மாமியார் ஹால்ல இருந்தா எடுக்க முடியாது, அன்னைக்கு டோஸ் போச்சு. கல்யாணத்தையே எடுத்துக்கோங்க: ரிசப்ஷன் முடிய ராத்திரி பதினொன்றரை, முகூர்த்தம் விடிகாலை, ரெண்டு மணிக்கே எழுப்பி அலங்காரம், வெறும் வயிறு, மாத்திரை ஞாபகம் யாருக்கும் இல்ல. தூக்கமின்மை, பட்டினி, விட்டுப்போன டோஸ். வலிப்பை வரவழைக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாராலயும் பண்ண முடியாது.

27/ மயிலாப்பூர்க்காரங்களுக்கு: பங்குனி உற்சவம், அறுபத்து மூவர் சமயத்துல விரதம், ராத்திரி கண் விழிக்குறதுன்னு இருப்பீங்க. சாமி கும்பிடுங்க. ஆனா மாத்திரைக்கு விரதம் கிடையாது. வீட்டுப் பெரியவங்க "இன்னைக்கு ஒரு நாள் வேணாமே"ன்னா, இந்த ட்வீட்டைக் காட்டுங்க. தி.நகர் கடை முதலாளிகளுக்கு: ஆடி, தீபாவளி சீசன்ல உங்ககிட்ட வேலை பாக்குற பிள்ளைங்க ஒரு வாய் தண்ணியோட மாத்திரை போட அஞ்சு நிமிஷம் குடுங்க, சரியான நேரத்துக்குத் தூங்க விடுங்க. அது தர்மம் இல்ல, அவங்க உரிமை.

28/ இப்போ நான் ஓ.பி.ல என்ன பண்றேன்னு சொல்றேன். பெருசா ஒண்ணும் இல்ல. மூணு வரி. அந்த மூணையும் சேர்த்துதான் சொல்லுவேன், ஒண்ணை மட்டும் சொல்ல மாட்டேன். சொல்லிட்டு சீட்டுக்குப் பின்னாடி தமிழ்ல எழுதிக் குடுப்பேன்.

அ) இந்த மாத்திரையை நீங்களா ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது.
ஆ) கர்ப்பத்துல இது குழந்தையைப் பாதிக்கலாம். அதனால மருந்தை மாத்துற வரைக்கும் கர்ப்பம் தள்ளிப் போடணும்.
இ) இந்த தேதி, இந்த ரூம், நியூரோ ஓ.பி. போகணும்.

29/ மூணாவது வரில தேதி இல்லைன்னா முதல் ரெண்டும் வீண். "நியூரோல காட்டு"ன்னு மொட்டையா சொன்னா அது காத்தோட போயிடும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு டோக்கன், எந்த பில்டிங்ன்னு சொல்லணும். எழுதி முடிச்சதும் "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லும்மா"ன்னு கேப்பேன். பாதிப் பேர் முதல் தடவை "மாத்திரையை நிறுத்தணும்"னுதான் சொல்றாங்க! அங்கதான் புரிஞ்சுது, துணிக்கடைப் பொண்ணு தப்பா கேக்கல. எல்லாருக்கும் அப்படித்தான் கேக்குது.

30/ "ஒரு நாளைக்கு இருநூறு பேர் பாக்குற ஓ.பி.ல இதுக்கு நேரம் ஏது?" நியாயமான கேள்வி. கடிகாரம் வெச்சுப் பாத்தேன், நாலு நிமிஷம் ஆகுது. அன்னைக்கு ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சேன். அப்புறம் நடுராத்திரில ஒரு டீமே மணிக்கணக்குல நின்னோம். தினமும் வால்ப்ரோயேட் சாப்பிடுற இளம்பெண் இருநூறு பேர் வர்றதில்ல, ரெண்டு மூணு பேர்தான். அந்த ரெண்டு மூணு பேருக்கு நாலு நிமிஷம் குடுக்க முடியும்.

31/ ஆனா தனி டாக்டர் மூணு வரி எழுதுறதுல இது தீராது. டூட்டி மாறினா, டாக்டர் மாறினா போச்சு. அரசுகிட்ட நான் கேக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல இருந்து மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி அனுப்புது. இந்தியாவே பாத்துக் கத்துக்கிட்ட ஏற்பாடு அது. வால்ப்ரோயேட்டோட ஒரு சின்ன தமிழ் அட்டையும் சேர்ந்து வரட்டும். மேல சொன்ன மூணு வரி, ஒரு கர்ப்பிணிப் படம், போதும். அட்டைல பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருக்குறதை யாரும் படிக்குறதில்ல. பத்து மாத்திரையை வெட்டிக் குடுக்கும்போது அதுவும் போயிடுது.

32/ ரெண்டு, நம்ம நர்சுகள். நம்ம மாநிலத்துல கர்ப்பிணி பதிவு பண்றது நல்லா நடக்குது. ஆனா அது கர்ப்பம் ஆன பிறகு. இந்த விஷயத்துல அது லேட்டுன்னு மேல சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடியே நர்சுகள்கிட்ட ஒரு நோட்டு இருக்கு: தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. புதுசா கல்யாணம் ஆனவங்க பேர் அதுல ஏறும். அங்க ஒரே ஒரு கேள்வி சேருங்க: "வலிப்பு, மனநலம், தலைவலி இதுக்கு தினமும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" ஆமான்னா, பேரைக் கேட்டு டாக்டர்கிட்ட அனுப்பட்டும். புது ஆள் வேணாம், புது கட்டடம் வேணாம். தனியா, மாமியார் இல்லாதப்போ கேக்கணும், அவ்ளோதான்.

33/ மெடிக்கல் ஷாப் நண்பர்களுக்கு: ரெண்டு வருஷப் பழைய சீட்டுக்கு வால்ப்ரோயேட் குடுக்காதீங்க. ஆனா வலிப்புக்காரங்களை வெறுங்கையோட திருப்பியும் அனுப்பாதீங்க. ரெண்டு மூணு நாளுக்குக் குடுத்து "டாக்டரைப் பாத்துட்டு வாங்க"ன்னு சொல்லுங்க. சட்டம் அதுக்கு இடம் குடுக்கலைன்னா, உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்க. டாக்டர் நண்பர்களுக்கு: தலைவலிக்கு இதைவிட வேற மருந்து நிறைய இருக்கு. இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுக்கு தலைவலிக்கு முதல் கையா வால்ப்ரோயேட் எழுதாதீங்க, ப்ளீஸ்.

34/ சாப்பிடுறவங்களுக்கு நேரடியா சில விஷயம்:

- இப்பவே கர்ப்பமா இருக்கீங்களா? நிறுத்தாதீங்க. ஆனா அடுத்த மாச செக்கப் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். இன்னைக்கோ நாளைக்கோ டாக்டரைப் பாருங்க.
- ஒரு டோஸ் மறந்தா, அதே நாள் ஞாபகம் வந்ததும் போடுங்க. அடுத்த டோஸ் நேரமே வந்துட்டா அதை மட்டும் போடுங்க. ரெண்டைச் சேர்த்துப் போடாதீங்க.
- கம்பெனி மாத்தித் தந்தா கேள்வி கேளுங்க. முடிஞ்ச வரைக்கும் ஒரே கம்பெனி.

35/ தொடர்ச்சி:

- விடாத வாந்தி, கடும் வயித்து வலி, கண் மஞ்சள், அளவுக்கு மீறின தூக்கம் வந்தா கேஷுவாலிட்டி வாங்க. ஈரல், கணையம் பாதிச்சிருக்கலாம். அபூர்வம்தான், ஆனா தள்ளிப்போடக்கூடாது.
- எடை ஏறுறது, முடி கொட்டுறது, மாதவிடாய் தள்ளிப்போறது இந்த மருந்தால வரலாம். "அழகுக்காக நிறுத்திட்டேன்"னு சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட சொன்னா வழி இருக்கு.
- கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன் சாப்பிடுறவங்களுக்கு கருத்தடை மாத்திரையோட வேலை குறையும். காப்பர்-டி மாதிரி முறை நல்லது, அரசு மருத்துவமனைல இலவசம்.

36/ ஏற்கனவே இந்த மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே குழந்தை பெத்தவங்களுக்கு: உங்க மேல தப்பு இல்ல. உங்களுக்குச் சொல்லாதவங்க மேலதான். நிறைய குழந்தைங்க நல்லாவே இருக்காங்க. பேச்சு, நடை, பள்ளிப் படிப்புல சந்தேகம் இருந்தா, கர்ப்பத்துல என்ன மாத்திரை சாப்பிட்டீங்கன்னு குழந்தை டாக்டர்கிட்ட சொல்லுங்க. சீக்கிரம் பயிற்சி ஆரம்பிச்சா பலன் உண்டு. பால் குடுக்கலாமா? பெரும்பாலும் குடுக்கலாம். டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

37/ பக்கத்துல யாருக்காவது வலிப்பு வந்தா: இரும்புச் சாவி வேணாம், வெங்காயம் வேணாம், வாயில ஸ்பூன் விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, தலைக்கடில துணி மடிச்சு வையுங்க, மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாம அடுத்தது வந்தாலோ 108. கர்ப்பிணின்னா காத்திருக்கவே வேணாம், உடனே 108.

38/ துணிக்கடைப் பொண்ணு என்ன ஆனான்னு கேப்பீங்க. தோள்பட்டையைச் சரி பண்ணி, பத்து நாள்ல வீட்டுக்குப் போனா. மருந்து மாத்த எட்டு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை வலிப்பு வந்தது. கல்யாண விஷயம் அவ சொந்தக் கதை, அதை இங்க எழுத மாட்டேன். நான் அவகிட்ட "நான் சரியா சொல்லல, மன்னிச்சிடும்மா"ன்னு சொன்னேன். அவ கேட்டது: "அப்போ மாத்திரை போடணுமா வேணாமா மேடம்? அதைத் தெளிவா சொல்லுங்க." மன்னிப்பெல்லாம் அவளுக்குத் தேவைப்படல. தெளிவுதான் வேண்டியிருந்தது.

39/ இதை ஷேர் பண்ணா முழுசா பண்ணுங்க. பதினஞ்சாவது ட்வீட்டை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போடாதீங்க. அப்படிப் போட்டா நான் அன்னைக்கு ஓ.பி.ல பண்ண அதே தப்பை நீங்க ஆயிரம் பேருக்குப் பண்றீங்க. எடுக்கணும்னா இருபத்தெட்டாவதை எடுங்க.

40/ கேள்வி இருந்தா கீழ கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். டோஸ் மட்டும் டி.எம்.ல கேக்காதீங்க, ஆளைப் பாக்காம சொல்ல மாட்டேன். வீட்டுல, ஹாஸ்டல்ல, ஆபீஸ்ல இந்த மாத்திரை சாப்பிடுற பொண்ணு யாராவது இருந்தா, தனியா கூப்பிட்டு மெதுவா சொல்லுங்க: நிறுத்தாதே, டாக்டர்கிட்ட மாத்துறது பத்தி பேசு, நான் கூட வர்றேன். அந்தக் கடைசி ரெண்டு வார்த்தை எந்த அட்டைலயும் அச்சடிக்க முடியாதது.